பென்சிலில் எழுதிய 'தி'

என் மேசை அலமாரியில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு புத்தகம் இருக்கிறது. 2004இல் அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில், தாளின் இரு பக்கமும் அச்சடித்து, மேலே பிளாஸ்டிக் அட்டை வைத்துக் கட்டியது. பைத்தான் 2.3இன் சி ஏ.பி.ஐ கையேடு. அட்டை மஞ்சளித்துவிட்டது. கம்பிச் சுருள் இரண்டு இடத்தில் விட்டுப்போயிருக்கிறது. அதில் இருக்கும் ஃபங்ஷன்களில் பல இன்று வழக்கிலேயே இல்லை. ஆனாலும் பழைய பேப்பர்காரரிடம் போட மனம் வரவில்லை. அச்சில் இருப்பதற்காக அல்ல, ஓரத்தில் பென்சிலில் இருப்பதற்காக. சில ஃபங்ஷன்களின் பெயருக்குப் பக்கத்தில் 'தி' என்று ஒற்றை எழுத்து. சிலவற்றுக்குப் பக்கத்தில் 'தி இல்லை'. இரண்டு மூன்று இடங்களில் 'தோற்றால்?' என்று ஒரு கேள்வி.

எழுதியவர் அப்போது எனக்கு சீனியர். மதுரைக்காரர். நாங்கள் ஐந்து பேரும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவோம். 'தி' என்றால் திருடும்.

பைத்தானில் மட்டும் எழுதுகிறவர்களுக்கு இந்தத் திருட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கிடோ வான் ராசம் ஆம்ஸ்டர்டாமில் உள்ள சி.டபிள்யூ.ஐ ஆய்வு மையத்தில் எழுதி 1991 பிப்ரவரியில் வெளியிட்ட பைத்தான், உள்ளே சி மொழியால் ஆனது. இன்றும் பெரும்பாலோர் ஓட்டுவது அந்த வழி வந்ததைத்தான். வேகம் போதவில்லை என்றாலோ, ஏற்கெனவே சியில் இருக்கும் ஒரு நூலகத்தைப் பைத்தானிலிருந்து கூப்பிட வேண்டும் என்றாலோ, சியில் ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதுவோம். அங்கே நுழைந்ததும் பைத்தான் நமக்காகச் சத்தமில்லாமல் செய்துவந்த ஒரு வேலை நம் கைக்கு வந்துவிடுகிறது. கணக்கு வைக்கும் வேலை. பைத்தானில் ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன்னை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணைத் தன்னோடு வைத்திருக்கிறது. பிடிக்கும்போது பை_இன்க்ரெஃப், விடும்போது பை_டெக்ரெஃப். எண் பூஜ்யம் ஆனால் அந்த நினைவகம் திரும்பப் போய்விடும். ஒருமுறை விட மறந்தால் அது போகவே போகாது, லீக். ஒருமுறை கூடுதலாக விட்டால் வேறொருவர் பிடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விடும், கிராஷ்.

ஆகவே சி ஏ.பி.ஐயின் ஒவ்வொரு ஃபங்ஷனிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. நீ கொடுத்ததை நான் விட வேண்டுமா? நான் கொடுத்ததை நீ வைத்துக்கொண்டாயா? கையேடு இதற்கு மூன்று சொற்களைப் புழங்குகிறது. புதிய ரெஃபரன்ஸ் என்றால் உனக்கே சொந்தம், வேலை முடிந்ததும் நீதான் விட வேண்டும். கடன் ரெஃபரன்ஸ் என்றால் பார்த்துக்கொள்ளலாம், சொந்தம் கொண்டாடக் கூடாது. மூன்றாவது திருட்டு: நீ கொடுத்ததை அந்த ஃபங்ஷன் எடுத்துக்கொண்டுவிட்டது, இனி அதை விடுவது உன் பொறுப்பு இல்லை. இந்த மூன்றாவது சொல் எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. நாமாக நீட்டிக் கொடுப்பதை வாங்கிக்கொள்வது எப்படித் திருட்டாகும்? அது ஒப்படைப்பு. ஆனால் சொல் நிலைத்துவிட்டது, சாரும் பென்சிலில் 'தி' என்றுதான் போட்டார்.

அன்றைய கையேட்டின் ஆசிரியராக முகப்பில் இருந்த பெயர் ஃப்ரெட் டிரேக். அவரும் உடன் உழைத்தவர்களும் செய்துவைத்திருந்த ஒரு காரியத்தை இன்றும் மதிக்கிறேன். திரும்ப வருவது புதியதா கடனா என்பது, ஆப்ஜெக்ட் திருப்பித் தரும் ஃபங்ஷன்களின் கீழே தனி வரியாக அச்சாகியிருக்கும். அந்த வரியை ஒவ்வோர் இடத்திலும் கையால் எழுதவில்லை. ரெஃப்கவுன்ட்ஸ் என்று ஒரு தனிக் கோப்பு. ஒரு வரிக்கு ஒரு தகவல்: ஃபங்ஷன் பெயர், வகை, அளவுருவின் பெயர், கணக்கு ஒன்று கூடுகிறதா அப்படியே இருக்கிறதா. கையேட்டை அச்சுக்குத் தயார் செய்யும்போது கருவி அந்தக் கோப்பைப் பார்த்து வரியைச் சேர்க்கும். அந்தக் கோப்பு இன்றும் பைத்தானின் ஆவணக் கிடங்கில் இருக்கிறது, இன்றும் அதே வேலையைச் செய்கிறது. அதில் ஒரு எண் தப்பினால் ஃபங்ஷனின் கீழே நேர் எதிரான வாக்குறுதி அச்சாகிவிடும் என்பதால், அதைத் திருத்துகிறவர் நிதானமாகத்தான் கை வைக்க வேண்டும்.

ஆனால் உள்ளே கொடுப்பதன் கதி என்ன ஆகும் என்பதற்கு அப்படித் தனி வரி கிடையாது. அது விளக்கத்தின் நடுவில் ஒரு வாக்கியமாக வரும், அல்லது வராது. சாரின் பென்சில் இறங்கிய இடம் அதுதான்.

நான் அந்தப் புத்தகத்தை ஒழுங்காகப் படிப்பதற்கு முன்பே எழுத ஆரம்பித்துவிட்டேன். தொலைபேசி அழைப்புப் பதிவுகளைப் படித்து, ஒவ்வொரு பதிவையும் ஒரு ஆப்ஜெக்டாக்கி, பைத்தான் லிஸ்டில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன். கையேட்டில் பைலிஸ்ட்_செட்ஐட்டம் பகுதியைப் பார்த்தேன். கொடுத்த ஆப்ஜெக்டை அது எடுத்துக்கொள்ளும் என்று தெளிவாக இருந்தது. எனக்கு வேண்டியது கடைசியில் சேர்ப்பது, ஆகவே சற்றுத் தள்ளியிருந்த பைலிஸ்ட்_அப்பெண்டை எடுத்துக்கொண்டேன். அதன் விளக்கத்தில் என்ன சேர்க்கும், வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் -1, அவ்வளவுதான். எடுத்துக்கொள்வது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதே பக்கத்தில் அதே லிஸ்டில் அதே வேலையைச் செய்யும் ஃபங்ஷன், அதுவும் எடுத்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டேன்.

அது எடுத்துக்கொள்வதில்லை. தனக்கென்று கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்கிறது. என் கையில் இருந்ததை நான்தான் விட வேண்டும். நான் விடவில்லை.

பகலில் ஆயிரம் பதிவுகளை வைத்துச் சோதித்தபோது எதுவும் தெரியவில்லை. இரவு முழுக்க ஓடியபோது ஒவ்வொரு பதிவும் நினைவகத்திலேயே தங்கிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் இயந்திரம் டிஸ்க்கைச் சுரண்டிக்கொண்டு, கீபோர்டில் ஒரு எழுத்து அடித்தால் திரையில் வர அரை நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் தேடினேன். என் பதிவுகளைப் படிக்கும் பகுதியைத் தேடினேன், கோப்பைத் திறக்கும் பகுதியைத் தேடினேன். அப்பெண்ட் வரியை மட்டும் சந்தேகிக்கவே இல்லை. நான்காம் நாள் சார் வந்து நின்று, திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இது எடுத்துக்கும்னு யார் சொன்னா?"

"புக்ல பார்த்தேன் சார்."

"புக்ல இருக்கிறதை நம்புனியா, இல்லாததை நம்புனியா?"

புத்தகத்தை வாங்கி முன்னுரைப் பகுதியைப் புரட்டினார். அங்கே பொது விதி இருந்தது: ஒரு ஃபங்ஷனிடம் கொடுப்பதை அது சாதாரணமாக எடுத்துக்கொள்ளாது, எடுத்துக்கொள்பவை மிகச் சில. அதாவது விதி முன்னுரையில், விலக்கு மட்டும் அந்தந்த ஃபங்ஷனில். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கிறவருக்கு இந்த ஏற்பாடு சரியானது. கையேட்டை யார் அப்படிப் படிக்கிறார்கள்? பெயரைப் பட்டியலில் தேடி, அந்தப் பக்கத்தைத் திறந்து, நான்கு வரி படித்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறோம். அப்படி வருகிறவருக்கு மௌனமும் ஒரு தகவல்தான், ஆனால் அதை எந்தப் பக்கமாக வேண்டுமானாலும் படிக்கலாம். சார் பென்சிலை எடுத்து அப்பெண்டுக்குப் பக்கத்தில் 'தி இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார்.

பிறகு நாங்கள் ஒவ்வொருவரும் அடிபட்டு அறிந்ததை அந்த ஓரங்களில் ஏற்றினோம். ஒரு லிஸ்டின் முதல் உறுப்பைப் பைலிஸ்ட்_கெட்ஐட்டம் மூலம் எடுத்தால் கடன், பைசீக்வென்ஸ்_கெட்ஐட்டம் மூலம் எடுத்தால் புதியது. ஒரே லிஸ்ட், ஒரே உறுப்பு, இரண்டு கணக்கு. இதுவாவது அச்சிலேயே இருந்தது. ஆனால் கடனாக வாங்கியதை எவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கலாம் என்பதுதான் நடைமுறையில் ஆளைக் கொல்லும் கேள்வி. அதற்கான அருமையான உதாரணம் கையேட்டில் இல்லை, எக்ஸ்டென்ஷன் எழுதக் கற்றுத்தரும் வேறொரு நூலில் இருந்தது. நாங்கள் ஜெராக்ஸ் போடாத நூல். அந்த உதாரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

மூன்று வரி நிரல். முதல் வரி, லிஸ்டின் முதல் உறுப்பைக் கடனாக எடுக்கிறது. இரண்டாம் வரி, அதே லிஸ்டின் இரண்டாம் இடத்தில் 0 என்ற எண்ணை வைக்கிறது. மூன்றாம் வரி, முதலில் எடுத்த உறுப்பை அச்சிடுகிறது. முதல் உறுப்பை யாரும் தொடவே இல்லை. என்ன தவறு நேர முடியும்? இரண்டாம் இடத்தில் புதிதாக ஒன்றை வைத்ததும், அங்கே ஏற்கெனவே இருந்ததை லிஸ்ட் விடுகிறது. வேறு யாரும் அதைப் பிடித்திருக்காவிட்டால் அதன் கணக்கு பூஜ்யம் ஆகிறது. அது யாரோ எழுதிய கிளாஸின் ஆப்ஜெக்டாக இருந்து, சாகும்போது ஓட வேண்டிய மெத்தட் ஒன்று அதற்கு இருந்தால், அந்த மெத்தட் இப்போது ஓடும். அது பைத்தான் நிரல், அது எதையும் செய்யலாம். அதே லிஸ்டின் முதல் உறுப்பை அழிக்கவும் செய்யலாம். அழித்தால் நம் கையில் இருக்கும் கடன் செத்துப்போன இடத்தைக் காட்டும். மூன்றாம் வரியில் கிராஷ். கடன் வாங்கியதும் ஒரு பை_இன்க்ரெஃப், அச்சிட்டு முடித்ததும் ஒரு பை_டெக்ரெஃப், இதுதான் மருந்து. பழைய பைத்தான் ஒன்றிலேயே இந்த வகைப் பிழை இருந்ததையும், ஒருவர் டீபக்கரில் வெகுநேரம் செலவழித்துக் கண்டுபிடித்ததையும் அந்த நூல் பதிவு செய்திருக்கிறது. மருந்து அந்த நூலில், நோய் வரும் ஃபங்ஷன் இந்த நூலில்.

எங்கள் பென்சில் குறிப்புகளைக் கையேட்டுக்காரர்களுக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்று 2004இல் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் துணிந்திருப்போமா தெரியாது. கையேடு அன்று லாடெக் மொழியில் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு தொடக்கக் குறி, ஒரு முடிவுக் குறி, நடுவில் அடைப்புக்குறிகளாக அடைப்புக்குறிகள். அதை வலைப்பக்கமாக்குவது பெர்லில் எழுதிய இன்னொரு கருவி. சி தெரிந்த எங்களில் லாடெக் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஒரு வாக்கியம் சேர்க்க ஒரு புதிய மொழி படிக்க வேண்டும் என்ற நினைப்பே போதும், கை பின்வாங்கிவிடும். அந்தக் குறிப்புகள் எங்கள் ஐந்து பேருக்கு மட்டும் உதவின. அதே ஆண்டில் உலகத்தின் வேறு மூலைகளில் எத்தனை பேர் அதே அப்பெண்ட் வரியில் தூக்கத்தைத் தொலைத்திருப்பார்கள் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டோம்.

மாற்றம் வந்தது 2007இல். கியார்க் பிராண்டல் என்ற பைத்தான் பங்களிப்பாளர் மொத்த ஆவணத்தையும் லாடெக்கிலிருந்து எளிய உரை வடிவத்துக்குப் பெயர்த்தார். அதைப் பக்கங்களாக்குவதற்காக அவர் எழுதிய கருவிதான் ஸ்ஃபிங்க்ஸ். 2008 அக்டோபரில் வந்த பைத்தான் 2.6இன் ஆவணம் அந்தக் கருவியில் உருவானது. இன்று பைத்தானோடு சம்பந்தமே இல்லாத எத்தனையோ நிரல்களின் கையேடுகளும் அதில்தான் தயாராகின்றன. மூலக் கோப்பைத் திறந்தால் இப்போது மனிதர் படிக்கக்கூடிய வாக்கியங்கள் தெரிந்தன. நடுவில் ஒரு வாக்கியம் சேர்க்கச் சாதாரண எடிட்டர் போதும். 2017 பிப்ரவரியில் பைத்தானின் மூல நிரல் கிட்ஹப்புக்குக் குடிபெயர்ந்தபின், திருத்தத்தை அனுப்புவதும் அதே அளவு எளிதானது.

என் முதல் திருத்தத்தை அதற்குப் பிறகுதான் அனுப்பினேன். இரண்டே வாக்கியம், ஒரு ஃபங்ஷன் தோற்றால் என்ன நடக்கும் என்று. சோதித்துப் பார்த்துத்தான் எழுதியிருந்தேன். பார்வையிட்டவர் கேட்ட கேள்வி என் வேலை செய்யும் முறையையே மாற்றியது. நீங்கள் எழுதியிருப்பது இந்தப் பதிப்பு இன்று நடந்துகொள்ளும் விதமா, எல்லாப் பதிப்பும் நடந்துகொள்ளும் என்று நாம் தரும் வாக்கா? இன்றைய நடத்தை என்றால் நாளை மாற்ற எங்களுக்கு உரிமை வேண்டும், ஆகவே அதை எழுதாதீர்கள். வாக்கு என்றால் அதைக் காக்கும் சோதனை எங்கே இருக்கிறது?

சோதித்துப் பார்த்த உண்மையை எழுதுவதுதான் ஆவணம் என்று நான் நினைத்திருந்தேன். கையேடு என்பது இரு தரப்புக்கும் இடையிலான ஒப்பந்தம் என்பது அன்றுதான் உறைத்தது. ஒரு வாக்கியம் குறைந்தால் படிக்கிறவர் விழுவார், ஒரு வாக்கியம் கூடினால் மொழியை வளர்க்கிறவரின் கை கட்டப்படும். மூல நிரலைத் திறந்து, பிழை வரும் ஒவ்வொரு கிளையையும் பின்தொடர்ந்து, எது தற்செயல் எது நோக்கம் என்று பிரித்து, மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு வாக்கியமாகச் சுருக்கி மறுபடி அனுப்பினேன். சேர்ந்தது.

ஆவணத்தைத் திருத்தப் போய் நிரலின் கோணல் வெளிச்சத்துக்கு வந்த கதைகளில் முக்கியமானது பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட். மாட்யூலில் ஒரு பெயரைச் சேர்க்கும் சாதாரண ஃபங்ஷன், பல எக்ஸ்டென்ஷன்களில் இருக்கும். கையேடு பல காலம் அது எடுத்துக்கொள்ளும் என்று மட்டும் சொல்லிவந்தது. எங்கள் ஜெராக்ஸிலும் அதற்குப் பக்கத்தில் 'தி', அதோடு 'தோற்றால்?' என்ற கேள்வி. உண்மை என்னவென்றால், வெற்றி பெற்றால் மட்டும் அது எடுத்துக்கொள்ளும். தோற்றால் பொருள் நம்மிடமே திரும்பி நிற்கும், நாம்தான் விட வேண்டும். பைலிஸ்ட்_செட்ஐட்டமோ தோற்றாலும் எடுத்துக்கொண்டுவிடும். இந்த வேறுபாடு தெரியாமல் எழுதப்பட்ட வரிகள் பைத்தானின் சொந்த மாட்யூல்கள் பலவற்றிலேயே இருந்தன. ஆவணத்தில் எச்சரிக்கை சேர்ந்தது. நடத்தையையே மாற்றிவிடலாமே என்றால், சரியாக எழுதியிருந்த பழைய நிரல்கள் எல்லாம் உடைந்துபோகும். அதனால் 2021இல் வந்த 3.10இல் எதையுமே எடுத்துக்கொள்ளாத ஒரு புதிய ஃபங்ஷனும், 3.13இல் வெற்றியானாலும் தோல்வியானாலும் எடுத்துக்கொள்ளும் இன்னொன்றும் சேர்த்தார்கள். சாரின் கேள்விக்குறிக்கு விடை இத்தனை தூரம் கடந்து வந்தது.

திருத்துவதைவிடக் கடினமான வேலை அடுக்குவது. இது வெளியே தெரியாது. சி ஏ.பி.ஐ கையேடு அகரவரிசையில் இல்லை. எந்த வகைப் பொருளுக்கும் பொதுவான ஃபங்ஷன்கள் ஓர் அடுக்கு, எண், சரம், லிஸ்ட், டிக்ஷனரி என்று குறிப்பிட்ட வகைகளுக்கானவை இன்னோர் அடுக்கு. பழகியவருக்கு இது வீட்டு அலமாரி போல. புதியவருக்கு வேண்டியது எந்த அடுக்கில் என்றே தெரியாது. நம்மிடம் இந்த விவாதம் பல நூற்றாண்டுப் பழையது. திவாகர நிகண்டு சொற்களைத் தெய்வப் பெயர், மக்கட் பெயர் என்று பொருள்வாரியாக 12 தொகுதிகளில் அடுக்கியது. மனப்பாடம் செய்தவருக்கு அது போதும். 1594இல் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டில் சொற்களை எழுத்து வரிசையில் வைத்தார். தேடி வருகிறவரை நினைத்துச் செய்த ஏற்பாடு அது. இரண்டும் வேண்டும் என்பதே என் கட்சி. கற்க வருகிறவருக்குப் பொருள்வாரி, தேட வருகிறவருக்கு அகரவரிசை. கையேட்டின் உடல் முதல் வகையிலும் அதன் பெயர்ப்பட்டியல் இரண்டாம் வகையிலும் இருப்பது சரியான ஏற்பாடுதான்.

பட்டியலிலிருந்து குதித்து வருகிறவர் இறங்கும் இடத்தில் அவருக்கு வேண்டியது முழுதாகக் கிடைக்க வேண்டும், ஆனால் கிடைப்பதில்லை, அதுதான் குறை. இன்று பைடிக்ட்_செட்ஐட்டம் விளக்கத்தில், இது மதிப்பை எடுத்துக்கொள்ளாது என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. பொது விதிப்படி பார்த்தால் தேவையே இல்லாத வாக்கியம், முன்னுரையில் சொன்னதையே மறுபடி சொல்கிறது. சுருக்கத்தை விரும்பும் ஆசிரியர் அடித்துவிடுவார். அதைச் சேர்த்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம். கையேட்டில் கூறியது கூறல் குற்றமில்லை.

பகுதிகளை இடம் மாற்றும்போது இன்னொரு பொறுப்பும் வருகிறது. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு முகவரி உண்டு. எத்தனையோ நிரல்களின் குறிப்பு வரிகளும் புத்தகங்களும் அதைச் சுட்டிக்கொண்டிருக்கும். பகுதியைப் பொருத்தமான இடத்துக்கு நகர்த்திவிட்டுப் பழைய முகவரியைக் கவனிக்காமல் விட்டால், பத்து வருடம் முன்பு யாரோ எழுதிய சுட்டி வெற்றிடத்தில் நிற்கும். நகர்த்துகிறவர் பழைய வாசலில் புதிய விலாசத்தை எழுதி மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

இன்று கருவிகள் நிறைய உதவுகின்றன. இல்லாத பெயரைச் சுட்டினால் ஸ்ஃபிங்க்ஸ் எச்சரிக்கிறது. பதிப்பு மாறினாலும் மாறாது என்று உறுதி தரப்பட்ட ஃபங்ஷன்களின் பட்டியல் ஒரே கோப்பில் இருக்கிறது, அதிலிருந்தே அந்தந்த ஃபங்ஷனின் கீழே வரி அச்சாகிறது. ஒரு பதிப்பில் ஏற்ற திருத்தத்தைப் பராமரிப்பில் இருக்கும் மற்றப் பதிப்புகளுக்குக் கொண்டுபோக ஒரு தானியங்கி இருக்கிறது. ஆனால் ஒரு வாக்கியம் உண்மையா, அது இருக்க வேண்டிய இடம் எது என்று எந்தக் கருவியும் சொல்லாது.

கருவி மட்டும் அல்ல, உண்மையே நகர்ந்துகொண்டிருக்கிறது. மதிப்பு ஏதும் இல்லை என்பதைக் குறிக்கும் நன் என்ற பொருளைத் திருப்பித் தரும்போதும் கணக்கில் ஒன்று கூட்ட வேண்டும் என்று எங்களுக்கு அடித்துச் சொல்லித்தந்தார்கள். 3.12இல் நன் சாகாவரம் பெற்றுவிட்டது, அதன் கணக்கு மாறுவதே இல்லை. கணக்கை எடுத்துப் பார்த்து உண்மையில் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று நம்பக் கூடாது என்பது இப்போது ஆவணத்தில் இருக்கிறது. பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் உண்மையாகவே ஓடக்கூடிய பைத்தான், சாம் கிராஸ் முன்வைத்த திட்டத்தின் வழியாக 2024 அக்டோபரில் 3.13இல் சோதனை வடிவமாக வந்தது. அங்கே கடன் ரெஃபரன்ஸ் என்பதே ஆபத்தான சொல். நாம் கடன் வாங்கிய மறு நொடி இன்னொரு த்ரெட் அந்த உறுப்பை லிஸ்டிலிருந்து நீக்கிவிடலாம். அந்த மூன்று வரி உதாரணத்தில் தற்செயலாக வந்த விபத்து இங்கே அன்றாடமாகிவிடும். அதனால் லிஸ்டிலிருந்தும் டிக்ஷனரியிலிருந்தும் எடுத்துக் கொடுக்க, புதிய ரெஃபரன்ஸாகவே தரும் ஃபங்ஷன்களை 3.13இல் சேர்த்திருக்கிறார்கள். எந்தப் பழைய ஃபங்ஷனுக்கு எது மாற்று என்று ஆவணத்தில் அட்டவணை இருக்கிறது. கடன், அதற்கு எதிரான வலுவான ரெஃபரன்ஸ் ஆகிய சொற்களுக்குச் சொற்பட்டியலில் விளக்கமும் இருக்கிறது. சொல் வரையறுக்கப்பட்டுவிட்டது என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

கடந்த ஆண்டு எங்கள் அலுவலகத்தின் சொந்த சி நூலகத்துக்கான கையேட்டை மறுபடி அடுக்கினோம். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என்னோடு உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் நிலையான இடங்கள் வைத்தோம்: என்ன கொடுக்க வேண்டும், என்ன வரும், தோற்றால் என்ன, யார் விட வேண்டும், எந்த த்ரெடிலிருந்து கூப்பிடலாம். சொல்ல ஒன்றும் இல்லை என்றாலும் அந்த இடத்தில் 'மாற்றமில்லை' என்று எழுத வேண்டும், காலியாக விடக் கூடாது என்பது நான் போட்ட விதி. இரண்டாம் நாள் மாலை அவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"அண்ணா, இது தோத்துப்போனா நான் கொடுத்தது யாரோடது?"

அந்தப் பக்கத்தை எழுதியவன் நான். விடை எழுதியிருக்கவில்லை. நிரலைத் திறந்து பார்த்தோம். மூன்று பிழைக் கிளைகளில் இரண்டு ஒருவிதம், மூன்றாவது வேறுவிதம். முதலில் நிரலைச் சரிசெய்தோம், பிறகு வாக்கியத்தை எழுதினோம். வீட்டிலிருந்து அந்த ஸ்பைரல் புத்தகத்தைக் கொண்டுபோய், சார் எழுதிய 'தோற்றால்?' இருக்கும் பக்கத்தை அவளிடம் காட்டினேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "இதை அப்பவே அனுப்பலையா அண்ணா?"

நீங்கள் புழங்கும் கையேடு எதுவாக இருந்தாலும், அதன் ஓரத்தில் நீங்களும் ஏதாவது எழுதி வைத்திருப்பீர்கள். காகிதத்தில் இல்லாவிட்டால் நிரலின் குறிப்பு வரியில், அதுவும் இல்லாவிட்டால் பக்கத்து இருக்கைக்காரரிடம் வாய்மொழியாக. மூல நிரலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் ஒரே ஒரு வாக்கியமாக எழுதி, அந்தக் கையேட்டைப் பராமரிக்கிறவர்களுக்கு இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.